ஓட்டுநர் உரிமத்துக்கு ஆதார்: விருப்பமா, கட்டாயமா?

புது தில்லி: ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு ஆதார் எண் கட்டாயமா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை ஒன்று; நடைமுறை தரும் விடை வேறு.

நாட்டிலுள்ள ஓட்டுநர் உரிமங்களில் சுமார் 30 சதவீதம் போலியானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்துத் துறை அமைச்சர் நிதின் கட்கரி பலமுறை கூறியுள்ளார். சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் குழு, போலிகளைக் களைவதற்காக உரிமங்களை ஆதாருடன் இணைக்கும் "சாரதி-4" மென்பொருள் தயாராகி வருவதாக 2018 பிப்ரவரியில் தெரிவித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 4-1 என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தை உறுதி செய்தது. அரசு மானியங்களுக்கும் வருமான வரிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கலாம் என்ற நீதிமன்றம், வங்கிக் கணக்கு, செல்போன் இணைப்பு ஆகியவற்றுக்குக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது. ஓட்டுநர் உரிமம் மானியமும் அல்ல, வரியும் அல்ல.

ஆயினும், உரிமத்துடன் ஆதாரை இணைப்பதைக் கட்டாயமாக்கச் சட்டம் கொண்டு வரப்படும் என்று 2019 ஜனவரியில் அப்போதைய மத்திய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார். விபத்து ஏற்படுத்தியவர் பெயரை மாற்றிப் புதிய உரிமம் பெறலாம். கைரேகையை மாற்ற முடியாது என்பது அவரது வாதம்.

பின்னர் வெளியான அரசு அறிவிக்கைகளோ "விருப்பத்தின் பேரில்" என்ற சொற்களையே கையாண்டன. பழகுநர் உரிமம், உரிமம் புதுப்பித்தல், முகவரி மாற்றம் உள்பட 18 சேவைகளை ஆதார் சரிபார்ப்பு மூலம் இணையவழியில் பெற 2021 மார்ச்சில் வழி செய்யப்பட்டது. 2022 செப்டம்பரில் இந்த எண்ணிக்கை 58 ஆனது. ஆதார் இல்லாதவர்கள் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி வேறு ஆவணத்துடன் அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம்.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஆதார் தருபவருக்கு வீட்டிலிருந்தே சேவை. தராதவருக்கு அலுவலக வாசலில் காத்திருப்பு. ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டிய லாரி ஓட்டுநருக்கு, இந்த விருப்பம் பெயரளவில் மட்டுமே விருப்பம்.

வேறொரு கேள்வியும் எஞ்சுகிறது. ஒருவர் இரண்டு உரிமங்கள் பெறுவதை ஆதார் தடுக்கக்கூடும். ஆனால், வாகனத்தை ஓட்டிக் காட்டாமலேயே இடைத்தரகர் மூலம் உரிமம் பெறுபவரை அது தடுக்காது. உரிமதாரர் யார் என்பதைக் கைரேகை சொல்லும். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியுமா என்பதை முறையான தேர்வு மட்டுமே சொல்லும்.