வரப்புப் புல்லின் வித்தை

கோடையில் தண்ணீர் தட்டிப்போனால் நெல்லின் இலை சுருண்டுகொள்கிறது. ஒரு முழம் தள்ளி, வரப்பில் படர்ந்த அருகம்புல்லோ கொழுந்து விட்டுக்கொண்டிருக்கிறது. நெல்லும் புல் இனம்தான். வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொது. அந்தக் காற்றைப் பிடிக்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

இலையிலுள்ள பச்சையம் வெயிலை வாங்கி, வேர் அனுப்பிய நீரைப் பிளக்கிறது. ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. அப்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியே நுழைந்த கார்பன் டை ஆக்சைடைச் செடி சர்க்கரையாக்குகிறது. தண்டு, இலை, வேர் எல்லாம் இந்தச் சர்க்கரையிலிருந்து வந்தவையே. காய்ந்த புல்லின் எடையில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் காற்றாக இருந்தது.

காற்றைப் பிடித்துக் கொடுப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. காற்றில் 10,000 மூலக்கூறுகளை எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4, ஆக்ஸிஜன் சுமார் 2,100. ஆகவே அவ்வப்போது ஆக்ஸிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தப் பிழையைச் சரிசெய்ய ஆற்றல் செலவாகிறது. முன்பே பிடித்த கார்பனிலும் கொஞ்சம் கைநழுவுகிறது. வெயில் ஏற ஏறப் பிழையும் ஏறும். நெல்லுக்கு இந்த நஷ்டம் உண்டு.

அருகு இதைத் தவிர்க்கிறது. ஆக்ஸிஜனைத் திரும்பியும் பாராத வேறொரு நொதியால் முதலில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்குகிறது. நரம்பைச் சுற்றி மாலைபோல் அமைந்த செல்களுக்குள் அதைக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடித்து நிற்பதால் ரூபிஸ்கோவுக்குக் குழப்பமில்லை. இலைத்துளையை அகலத் திறக்கவும் வேண்டாம்; நீர் மிச்சம். கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் இந்த வகைதான். 1960களில் கரும்பு இலையை ஆராய்ந்தபோதுதான் இது தெரியவந்தது; ஹவாயில் துப்பு கிடைக்க, ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் முழு வழியையும் வரைந்தனர்.

இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். வெயில் தாராளமாக இருந்தால் கட்டுப்படியாகும். மரநிழலில் அருகு மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே வித்தையை நெல்லுக்குப் பழக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். நொதியை மாற்றினால் மட்டும் போதாது, இலையின் உள்கட்டமைப்பையே மாற்ற வேண்டும் என்பதால் வேலை மெதுவாகவே நகர்கிறது. வரப்பு வெட்டும்போது நாம் கொத்தி எறியும் புல்லுக்கோ அது பிறவிக் குணம்.