முதுமையும் நோயும்: ஆண்களின் இயக்குநீர்க் குறைவு

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறக்கவில்லை என்றும், ஆகவே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முதுமையை மட்டும் அதிலிருந்து விலக்கினார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. எது நோய், எது முதுமை எனப் பிரித்தறிவது எத்துணை இன்றியமையாதது என்பதை ஆண்களின் நடுவயதுத் தளர்ச்சி நன்கு உணர்த்துகிறது.

விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டது. தசை வலிமை, எலும்பின் உறுதி, இல்லற நாட்டம் ஆகியவை அதனைச் சார்ந்தவை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு நிகழ்வதுபோல் அது விரைந்து வீழ்வதில்லை. நடுவயது தொட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என மெல்லக் குறைகிறது. இது முதுமையின் இயல்பே. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், 40 முதல் 79 வயதுடையோருள் அறிகுறிகளும் இயக்குநீர்க் குறைவும் ஒருங்கே கொண்டவர்கள் நூற்றுக்கு இருவர் அளவினரே.

நீரிழிவாளர்களின் நிலை வேறு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பரேஷ் தந்தோனா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடைய ஆண்களில் மூவரில் ஒருவருக்கு இக்குறைவு காணப்பட்டது. விரைகளைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியின் செயல் மந்தமாவதே காரணம். உடற்பருமனும் இதே விளைவைத் தரும். எடை குறைந்தால் சுரப்பு ஓரளவு மீளும்.

ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊரில் வாழும் ஐம்பது வயதினர் ஒருவர் இத்தளர்ச்சியை வெளியே சொல்லக் கூசி, விடுதி அறைகளில் முகாமிடும் வைத்தியர்களிடம் லேகியம் வாங்கி உண்பார். அதற்குள் அவருடைய நீரிழிவு முற்றிவிடும். உண்மையான இழப்பு இதுதான். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனை வீட்டிற்கே வருகிறது. இயக்குநீர்ச் சோதனைக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். காலை வெறும் வயிற்றில், இருவேறு நாட்களில் குருதியைச் சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

குறைவு உறுதியானோர்க்கு இயக்குநீர் மருந்து பயன் தரும். எனினும் அது விந்தணு உற்பத்தியைக் குன்றச் செய்யும். ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வில், அம்மருந்தால் மாரடைப்பு மிகவில்லை. ஆயின் இதயத்துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் குருதிக் கட்டியும் சற்று மிகுந்தன. ஆகவே முதுமையை விரட்டும் மருந்தாக அதைக் கருதலாகாது.

மார்க்கத்தைக் கற்க அன்ஸாரிப் பெண்களுக்கு நாணம் தடையாகவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். உடல்நலம் பற்றிக் கேட்டறிய ஆண்களுக்கும் அது தடையாக வேண்டியதில்லை.