ஒரே திரையில் பல மேசைகள்

சங்க அலுவலகங்களில் அங்கத்தினர்கள் இன்று காண்பது பெரும்பாலும் பேரேட்டை அன்று; கணிப்பொறித் திரையையே. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் இசைவளித்தது. திரையோடு ஒரு சிக்கலும் வந்தது. முன்னர் நகைக்கடன் பேரேடு ஒருபுறமும் பயிர்க்கடன் மனுக்கள் மறுபுறமும் கிடந்தன. இப்பொழுதோ கணக்கு, அடங்கல், கடிதம் யாவும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிகின்றன. நெசவாளர் சங்கமாயின் நூல் இருப்பும் கூலிப் பட்டியும் அவ்வாறே. ஒருவர் கணக்கில் வைக்கவேண்டிய தொகை மற்றொருவர் கணக்கில் ஏறுவதற்கு இவ்வளவு போதும்.

இதற்குக் கணிப்பொறியிலேயே ஒரு வசதி உண்டு. ஒரே திரையைப் பல மேசைகளாகப் பாவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை வேலையை மட்டும் பரப்பிக்கொள்ளலாம். இவற்றை மெய்நிகர் மேசைகள் என்பர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் 1986-இலேயே 'ரூம்ஸ்', அதாவது அறைகள், என்ற பெயரில் இதனைச் செய்து காட்டினர். விண்டோஸில் 2015-இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல் இவ்வசதி உடன் வருகிறது, தனிச் செலவில்லை. விண்டோஸ், கண்ட்ரோல் ஆகிய இரு விசைகளையும் அழுத்தியவாறே 'டி' எழுத்தைத் தட்டினால் புது மேசை தோன்றும். அவ்விரு விசைகளுடன் இட, வல அம்புக்குறிகளைத் தட்டினால் மேசைக்கு மேசை செல்லலாம்.

சிவகாசி வட்டாரத்தார்க்கு இதை விளக்குதல் எளிது. பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து கலக்கும் அறை வேறு, மருந்து செலுத்தும் அறை வேறு; இடையே வெளியும் உண்டு. ஓரறையில் நேர்வது மற்றோர் அறைக்குத் தாவலாகாது என்பதே ஏற்பாடு. ஆயின் உவமை அவ்வளவில் நிற்கும். கணிப்பொறி மேசைகளுக்கிடையே சுவர் இல்லை. மின்தடையால் பொறி அணைந்தால், சேமிக்காத வேலை எல்லா மேசைகளிலும் ஒருசேர மறையும். பூட்டும் இல்லை. எழுத்தர் எழுந்து சென்றபின், அம்புக்குறி தட்டத் தெரிந்த எவரும் அடுத்த மேசையிலுள்ள உங்கள் கடன் நிலுவையைப் படித்துவிடலாம். மேசைகளைப் பிரித்துவிட்டால் போதும், பூட்டு வேண்டா என்று கருதுவோரை நாம் கண்டிருக்கிறோம், அக்கருத்து பிழையானது. இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் விசையுடன் 'எல்' தட்டித் திரையைப் பூட்டியே ஆகவேண்டும்.

நமது அபிப்பிராயத்தில் மூன்று மேசைகள் போதும்: கணக்குக்கு ஒன்று, அடங்கல் முதலிய அரசு இணையதளங்களுக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று. பத்துத் திறந்தால் பழைய குழப்பமே மீளும். கணக்கு மேசையிலும் ஒரு சமயத்தில் ஓர் அங்கத்தினரின் பக்கம் மட்டுமே திறந்திருத்தல் நன்று. பணம் செலுத்த வருவோர், தொகையைப் பதியுமுன் திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லிப் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். பிறர் கணக்கு அதில் தெரியாதபோது, எழுத்தருக்கும் திருப்பிக் காட்டுவதில் தயக்கமிராது.