பள்ளி மணி அடித்த பிறகு: பதின்வயதுப் பெண்களுக்கான சேவை வாய்ப்புகள்

ஊருக்கு அமைச்சரோ கலெக்டரோ வருகிறார் என்றால் வகுப்பிலிருந்து முதலில் அழைக்கப்படுபவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள்தான். பாவாடை தாவணி, தலை நிறையப் பூ, கையில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு. விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் வாசலில் நிற்க வேண்டும். பல பள்ளிகளில் இதற்கு ‘வாலண்டியர்’ வேலை என்று பெயர். பையன்கள் நாற்காலி தூக்குவார்கள், மைக் கட்டுவார்கள், விருந்தினரின் காரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். பெண்கள் நிற்பார்கள்.

அதே பெண் வீட்டுக்குப் போனால் பாத்திரம், தண்ணீர்க் குடம், தம்பிக்கு வீட்டுப்பாடம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு இது. சேவை செய்யும் பழக்கம் நம் பெண்பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது வேறு: வீட்டுக்கு வெளியே ஒரு பொறுப்பு, அதில் சொந்தமாக முடிவெடுக்க ஓர் இடம். அதனால் எந்த வாய்ப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்: இந்த வேலையில் என் மகள் எதையாவது தானே தீர்மானிக்கிறாளா? அவள் ஒருநாள் வராவிட்டால் அது யாருக்காவது தெரியுமா? இல்லை என்றால் அது இன்னொரு சந்தனக் கிண்ணம்தான்.

பள்ளிக்குள்ளேயே இருப்பவை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெயரளவிலாவது நான்கைந்து அமைப்புகள் உண்டு. சாரண சாரணியர் இயக்கம், ஜே.ஆர்.சி. என்று பிள்ளைகள் சொல்லும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, என்.சி.சி., மேல்நிலை வகுப்புகளில் என்.எஸ்.எஸ்.

இவற்றில் பெண்களுக்கு அதிகம் தருவது சாரணியர் இயக்கம் என்பது என் கருத்து. அது பிறந்ததே பெண்கள் அடம்பிடித்ததால்தான். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய பேரணிக்கு, அழைப்பில்லாமல் சில பெண்கள் சீருடையோடு வந்து நின்றார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு பெண்களுக்கெனத் தனி அமைப்பு உருவானது. 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் குழு தொடங்கியது. இன்றைய பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950இல் உருவானது; மறு ஆண்டு சாரணியர்களும் அதில் இணைந்தார்கள்.

பத்து வயதிலிருந்து இதில் சேரலாம். ஆறு முதல் எட்டுப் பெண்கள் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவி. கூடாரம் எங்கே அடிப்பது, இரவுக் காவல் யாருக்கு, அரிசி எவ்வளவு வாங்குவது என்று பதின்மூன்று வயதுப் பெண் தன் அணியோடு பேசி முடிவெடுப்பாள். கை முறிந்தவருக்கு முக்கோணத் துணியால் தொட்டில் கட்டுப் போடவும், கயிற்றில் நழுவாத முடிச்சுப் போடவும் கற்றுக்கொள்வாள். படிப்படியாகத் தேர்ச்சி பெற்று ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருதுவரை போகலாம். நல்ல வழிகாட்டி ஆசிரியை இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இல்லாத பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்போடு சீருடை மடித்து வைக்கப்படும்.

என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். பல பெண்களுக்கு வீட்டைவிட்டு, சொந்தக்காரர் வீடும் இல்லாத ஓரிடத்தில், தோழிகளோடு தங்கும் முதல் ஏழு இரவுகள் அந்த முகாம்தான். அதற்காகவே அனுப்பலாம். ஆனால் பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீமைக் கருவேலம் வெட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் பையன்கள், சமையல்கட்டுக்கும் கோலத்துக்கும் பெண்கள் என்று முதல் நாளே பிரிந்துவிடும். மண்வெட்டியும் கரண்டியும் முறைவைத்து மாற வேண்டும். ஊரில் எத்தனை வீட்டில் கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறது, எத்தனை முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது என்று வீடுவீடாகக் கேட்டு எழுதும் பணியைப் பெண்களிடம் கொடுத்தால் அவர்கள் அதைப் பிரமாதமாகச் செய்வார்கள். பெண்பிள்ளை என்றால் திண்ணையோடு நிறுத்தாமல் அடுப்படிவரை அழைத்துப் பேசும் வீடுகள் நம் ஊர்களில் அதிகம்.

என்.சி.சி.யில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் ‘ஏ’ சான்றிதழ் பெறலாம். கல்லூரியில் ‘பி’, ‘சி’. சீருடைப் பணிக்குப் போக ஆசைப்படும் பெண்ணுக்கு நல்ல தொடக்கம்.

மூன்று மணி நேரத் தேர்வு, நான்கு மணி நேர வேலை

அதிகம் பேசப்படாத ஒரு வாய்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் எழுதிக்கொடுப்பது. ‘ஸ்க்ரைப்’ என்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரி, லயோலா போன்ற இடங்களில் பார்வையற்ற மாணவர்கள் நெடுங்காலமாகப் படித்து வருகிறார்கள். ஒவ்வொரு பருவத் தேர்விலும் ஆள் கிடைக்காமல் அலைவார்கள். விதிகள் தேர்வுக்குத் தேர்வு மாறினாலும், எழுதிக்கொடுப்பவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் கீழ்நிலையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பட்டப்படிப்புத் தேர்வுக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பெண் பொருந்துவாள்.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எல்லாக் கேள்விகளையும் மதிப்பெண்ணோடு ஒருமுறை வாசிக்க வேண்டும். எதை முதலில் எழுதுவது என்று தேர்வர் சொல்வார்.

“பதினாலாவதை இன்னொரு தடவை படிம்மா.”

“சரிண்ணா. ‘காரணங்களை ஆராய்க’ன்னு இருக்கு. பத்து மார்க்.”

“அப்போ அதுலருந்து ஆரம்பிப்போம். முதல்ல ஒரு தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்துடு.”

அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒரு பெயரையோ ஆண்டையோ அவர் தவறாகச் சொல்கிறார் என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. அது அவருடைய தேர்வு. பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். மணி என்ன, இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று இடையிடையே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். கை வலிக்கும். அந்த நான்கு மணி நேரமும் இன்னொருவரின் ஒரு பருவப் படிப்பு தன் பேனாமுனையில் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பதினாறு வயதில் இதைவிடப் பெரிய பொறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்துகொடுக்கும் வேலையும் உண்டு; அதற்கு வீட்டைவிட்டு நகரவே வேண்டாம், அமைதியான ஓர் அறையும் ஒரு செல்பேசியும் போதும்.

மொட்டை மாடியிலிருந்து கடற்கரை வரை

வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் நிறைய. அந்தப் பெண்களுக்குப் பறவை கணக்கெடுப்பு நல்ல வழி. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடி போதும். காகம், மைனா, தேன்சிட்டு, கரண்டுக் கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவி, வேலிக்குள் குதிக்கும் செம்போத்து எல்லாமே கணக்கு. அந்தப் பட்டியலை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். துணி காயப்போடப் போகும் மாடி அன்று அவளுக்கு ஆய்வுக்களம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஆமை நடை. சென்னையில் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இதைச் செய்கிறது. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், இரவு முழுக்க ஈர மணலில் நடை. ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பார்த்து, கூட்டின் வாயைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். குடம் போல அடி அகன்ற குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். குழியின் ஆழத்தை அளந்து, முட்டைகளைப் பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். கடற்கரை விளக்குகளைப் பார்த்துக் குஞ்சுகள் ஊர்ப்பக்கம் போய்விடும் என்பதால்தான் இத்தனை பாடு. சட்டப் பாதுகாப்புள்ள உயிரினம் என்பதால் தனியாகப் போய் முட்டையைத் தொடக் கூடாது. குழுவோடுதான் போக வேண்டும். அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும். நள்ளிரவில் கடற்கரையில் பயமில்லாமல் நடக்கும் வாய்ப்பு நம் பெண்களுக்கு வேறெப்போது கிடைக்கிறது?

ஊருக்குள்

சேவை ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மாலையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் போன தொண்டர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். ஊர் ஊராகப் போக அவர்களுக்கு சைக்கிள் தேவைப்பட்டது, கற்றுக்கொண்டார்கள். கற்க வந்த பெண்களும் கூடவே கற்றுக்கொண்டார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டிய அந்தக் காட்சியைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி நாடே படித்தது. சேவை செய்யப் போன பெண்ணுக்குத் தன் ஊரைத் தாண்டிப் போக ஒரு வண்டி கிடைத்தது.

இன்று அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் இலவச சைக்கிள் இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிறது. கிளை நூலகத்துக்கு அதில் போகலாம். வாசகர் வட்டம் இருக்கும் நூலகங்களில் சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் வேண்டுமா என்று நூலகரிடம் கேளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதாலேயே எந்த நிகழ்ச்சிக்கும் போக முடியாத பெண்கள் ஏராளம். இங்கே தம்பியையும் கூட்டிப் போகலாம். அவனும் கதை கேட்பான். சில மாவட்டங்களில் ஏறத்தாழ முப்பது வீட்டுக்கு ஒன்றாகக் குழந்தைகள் பாராளுமன்றம் நடக்கிறது; தெருவிளக்கு எரியாததற்கும் பேருந்து நிற்காததற்கும் மனு எழுதிக் கொடுத்துப் பழகுகிறார்கள். கிராம சபையில் ஓட்டுரிமை உள்ளவர்களே உறுப்பினர்கள். பிள்ளைகள் எழுதிய மனுவை அம்மா எழுந்து நின்று வாசித்தால் அது அம்மாவுக்கும் பயிற்சி.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பொறுப்பாளர் யார், அவர்களில் பெண் யார் என்று முதலில் கேளுங்கள். கழிப்பறை இருக்கிறதா, மாதவிடாய் நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற முடியுமா, திரும்பி வரும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். 18 வயது நிறையாத பெண்ணை எந்த நல்ல அமைப்பும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் சேர்க்காது. எந்தப் பெரியவரோடும் தனி அறையில் தனியாக விடாது. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தனியாகச் செய்தி அனுப்பாது. மூன்றில் ஒன்று தவறினாலும் மகளைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். உண்டியல் கொடுத்துத் தெருத்தெருவாக வசூலுக்கு அனுப்பும் அமைப்பும் வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள்.

இரத்த தானம் செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை முகாமில் பதிவு மேசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். பொதுத்தேர்வு ஆண்டில் அதையும் குறைத்துக்கொள்ளலாம். செய்த வேலைக்கு மணிக்கணக்கோடு கடிதம் வாங்குங்கள். பணக்காரப் பள்ளிகளில் இப்படிப்பட்ட கடிதங்களைக் கோப்பாகச் சேர்த்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கன்வாடியில் இரண்டு ஆண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்த அரசுப் பள்ளி மாணவியின் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இது மாற வேண்டும். ஒரு கடிதம் எழுத அரைப் பக்கம் போதும்.

மகள் படிக்கும் பள்ளியில் சாரணியர் அணி இல்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒரு ஆசிரியைக்குச் சாரணியர் பயிற்சி, வாரம் ஒரு பாட வேளை, ஒரு முதலுதவிப் பெட்டி ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதமே சரியான நேரம். கால அட்டவணை போட்டு முடித்த பிறகு கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள்.