பினாங்குக்கு வடமேற்கே விரியும் கடல்

வெல்ட் கீ படகுத்துறையில் நின்று ஒரு திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஊசி வடக்கைக் காட்டி நிற்கும். அப்படியே இரும்புக் கம்பித் தடுப்பை ஒட்டிக் கொண்டுபோனால் தடுமாறிக் கம்பிப் பக்கம் சாய்ந்துவிடும். கடலடிப் பாறையின் காந்தத்தை அளக்கப் போகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். கப்பலே ஒரு பெரிய இரும்பு. அதனால் காந்தமானியை நீண்ட வடத்தில் கட்டி, கப்பலுக்கு வெகு பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். நம் வட்டாரத்தில் புவியின் காந்தப்புலம் சுமார் 42,000 நானோடெஸ்லா. அதில் எங்கே சில நூறு கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை அந்தக் கருவி வழிநெடுகக் குறித்துக்கொண்டே வரும்.

அந்தச் சில நூறில்தான் கடலின் வயது இருக்கிறது. கடலடிப் பிளவு வழியே எரிமலைக் குழம்பு வந்து இறுகும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தத் திசையைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. பூமியின் காந்தமோ அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரளும். கடைசியாகப் புரண்டு ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பிளவின் இருபுறமும் பாறை விலக விலக, நேர்க்காந்தமும் எதிர்க்காந்தமும் மாறி மாறிப் பட்டைகளாகப் படிகின்றன. பட்டையின் அகலத்தைக் காலத்தால் வகுத்தால் தரை விலகும் வேகம் கிடைத்துவிடும்.

இந்த விளக்கத்துக்கு அடிப்படையான அளவுகள் நம் இந்தியப் பெருங்கடலில் எடுக்கப்பட்டவை. 1962இல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரை அளந்தது. டிரம்மண்ட் மேத்யூஸ் கொண்டுவந்த அந்த அளவுகளை அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தார். இருவர் பெயரிலும் கட்டுரை 1963 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. கனடாவின் லாரன்ஸ் மோர்லி அதே கருத்தை அதே ஆண்டில் எழுதி அனுப்பியும் இதழ்கள் ஏற்கவில்லை. அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்றே சொல்வேன்.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். ஜார்ஜ்டவுனிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலுக்கடியில் இப்படியொரு பிளவு இருக்கிறது. ஐராவதி ஆறு கொட்டிய வண்டல் அங்கே கனமாகப் படிந்திருப்பதால் காந்தப் பட்டைகளைப் படிப்பது எளிதல்ல. 1979இல் ஜோசப் கர்ரேயும் உடனிருந்தோரும் இந்தக் கடலடி விரியத் தொடங்கிச் சுமார் 11 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன என்று கணித்தார்கள். 2004இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் காமேஷ் ராஜு குழு, புதிய அளவுகளைக் கொண்டு அதை 4 மில்லியனாகக் குறைத்தது. கர்ரேயும் பிறகு அதை ஏற்றுக்கொண்டார். தன் கணக்கைத் தானே திருத்திக்கொண்ட அந்த மனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கடலடி விரியும் இன்றைய வேகம் ஆண்டுக்கு 38 மில்லிமீட்டர். பிரான்சிஸ் லைட் 1786இல் இங்கே இறங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 9 மீட்டர். லெபோ பசாரில் நாம் பார்க்கும் பழைய கடைவீடுகளின் முகப்பைவிட அகலம். நம் கொடிமலையின் கருங்கல்லுக்கோ ஏறத்தாழ 200 மில்லியன் ஆண்டு வயது. அந்த மலைக்கு முன்னால் அந்தமான் கடலடி பச்சைப் பிள்ளை.

கடலடி ஏன் விரிகிறது? இந்தியப் புவித்தட்டு சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் ஓரமாக நேராக முட்டாமல் சாய்வாக நகர்கிறது. அது கீழே புதைந்துகொண்டே, மேல்தட்டின் விளிம்பையும் வடக்கே இழுத்துப் பிய்க்கிறது. பிய்ந்த இடம்தான் அந்தமான் பிளவு. புதைகிற இடத்தில் சேர்ந்த இறுக்கம் 2004 டிசம்பர் 26 அன்று ஒரே காலையில் நிலநடுக்கமாக விடுபட்டது. அன்று தாய்லாந்தின் பூக்கெட் தீவு 27 சென்டிமீட்டர் நகர்ந்ததை ஜிபிஎஸ் கருவிகள் காட்டின. அதனால் எழுந்த ஆழிப்பேரலையில் பினாங்கில் 52 உயிர்கள் போயின.

சுமத்ரா மறைத்து நிற்பதால் நம் கடலுக்கு ஒன்றும் ஆகாது என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். பத்து ஃபிரிங்கிக்கு அழைத்துப்போகும்போது, கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்க இறங்காமல் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.