இடுப்பும் தறிதான்

விளக்குத் திரிக்கு அம்மா வைத்திருக்கும் பஞ்சில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். சத்தமே இல்லாமல் பிய்ந்து வந்துவிடும். இன்னொரு கிள்ளு எடுங்கள். இப்போது ஒரு முனையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை விரலால் முறுக்கிக்கொண்டே மெல்ல இழுங்கள். இருபது முப்பது முறுக்கு ஏறிய பிறகு அறுத்துப் பாருங்கள். விரல் வலிக்கும். அதே பஞ்சுதான். பசை தடவவில்லை, முடிச்சுப் போடவில்லை. பிறகு வலு எங்கிருந்து வந்தது?

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதையின் தோலிலிருந்து முடிபோல வளர்ந்த செல். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காய்க்குள் இருக்கும்வரை அது நீர் நிறைந்த குழாய். காய் வெடித்து வெயில் பட்டதும் நீர் வற்றும். குழாய் தட்டையாகி, ரிப்பன்போலத் தானே புரி விழுந்து காயும். நாம் முறுக்கும்போது இந்த ரிப்பன்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கவ்விக்கொள்கின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். உராய்வு, அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் படித்த பள்ளியில் தக்ளியில் நூல் நூற்கும் வகுப்பு உண்டு. என் நூல் இரண்டு முழத்துக்கு ஒருமுறை அறும். முறுக்குப் போதாமல் இழைகள் நழுவுகின்றன என்றார் ஆசிரியர். சரியென்று மறுநாள் முறுக்கித் தள்ளினேன். நூல் பாம்புபோலச் சுருண்டு சிக்கலாகிவிட்டது. அளவு தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

சென்னையில் கப்பலேறினால் ஏறக்குறைய மூன்று நாளில் அந்தமான் வந்துவிடும். அங்கே காட்டில் வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கு இந்த முறுக்கு நன்றாகத் தெரியும். மரப்பட்டை நாரைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்கினார்கள். வில்லுக்கு நாண், ஆமை பிடிக்க வலை எல்லாம் அதில்தான். ஆனால் அவர்களிடம் தறி கிடையாது. நீர் சொட்டும் காட்டில் துணிக்கு என்ன வேலை!

1925-ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து கரேன் என்ற மக்கள் அந்தமானுக்கு வந்து சேர்ந்தார்கள். காடு திருத்தும் வேலைக்காக ஆங்கிலேய அரசு அழைத்து வந்தது. நடு அந்தமானில் மாயாபந்தர் பக்கம் வெபி என்ற ஊரில் குடியேறினார்கள். இன்றும் அவர்களுடைய பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். கரேன் பெண்களுக்கென்று பாட்டி காலத்திலிருந்து வரும் தறி ஒன்று உண்டு. அதற்குச் சட்டம் இல்லை, மிதி இல்லை, ஆணிகூட இல்லை. நாலைந்து கழியும் ஒரு பட்டையும்தான். நெய்யாத நேரத்தில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

அதில் எப்படி நெய்வது? நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களின் ஒரு முனையைத் தூணில் கட்டிய கழியில் மாட்டுகிறார்கள். மறுமுனைக் கழி நெய்பவரின் மடிக்கு நேரே வரும். அந்தக் கழியின் இரு நுனியிலிருந்தும் ஒரு பட்டை அவர் இடுப்பைச் சுற்றிப் பின்னால் போகும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சற்றுப் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னால் குனிந்தால் தளரும். பார்த்தீர்களா, இடுப்பும் தறியின் ஓர் உறுப்பாகிவிட்டது!

பாவில் ஒன்று விட்டு ஒன்றாக நூல்களைச் சிறு கண்ணிகளால் ஒரு கழியோடு கட்டியிருப்பார்கள். நம்மூர் நெசவாளர்கள் விழுது என்பது இதைத்தான். அதைத் தூக்கினால் பாதி நூல்கள் மேலே வரும். நடுவில் ஒரு சந்து திறக்கும். ஆனால் விறைப்பாக இருக்கும்போது தூக்கினால் வராது. அதனால் முதலில் குனிந்து பாவைத் தளரவிட்டு, விழுதைத் தூக்கி, சந்தில் வாள்போன்ற பலகையைச் செருகி, அதை நிமிர்த்தி வைத்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். பிறகு பின்னால் சாய்ந்து பலகையால் ‘டக்’கென்று ஓர் அடி. ஒரு நூல் முடிந்தது. அடுத்த முறை விழுதைத் தூக்க மறுபடி குனிய வேண்டும். காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கால் செய்கிற வேலையை இங்கே முதுகு செய்கிறது.

மழைக்கும் நெசவுக்கும் உள்ள உறவு கொஞ்சம் வேடிக்கையானது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. பருத்திச் செடிக்கு அது ஆகாது. காய் வெடிக்கும் நேரத்தில் நனைந்தால் பஞ்சு கறுத்துப்போகும். ஆனால் நூலாகிவிட்ட பருத்திக்கு ஈரக்காற்று நல்லது. கம்பளியும் பட்டும் நனைந்தால் வலு குறையும், பருத்திக்கோ கூடும். உலர்ந்த காற்றில்தான் பாவு பட்பட்டென்று அறும். நம்மூரில் தறிக்குக் குழி வெட்டியதில் இந்த லாபமும் உண்டு: தரையின் ஈரம் நூலுக்குக் கிடைக்கும்.

இனி சாயம். நுணாக்காயில் ஈர்க்குச்சி குத்தித் தேர் செய்திருக்கிறீர்களா? மஞ்சணத்தி என்றும் சொல்வார்கள். அதன் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அந்தமான் நிக்கோபார் கடற்கரைகளில் வளர்கிறார். அவருடைய விதைக்குள் சின்னக் காற்றறை இருப்பதால் மிதந்தே தீவு விட்டுத் தீவு போவார். பர்மா மலைகளில் கரேன் மக்கள் இந்தக் குடும்பத்து மரவேரில்தான் நூலுக்குச் சிவப்பேற்றினார்கள். வேர்ப்பட்டையை வெறுமனே கொதிக்கவைத்து நூலை முக்கினால் மங்கலாக ஏதோ ஒட்டும், துவைத்தால் போகும். நூலில் முதலில் படிகாரம்போல அலுமினியம் உள்ள பொருள் ஏறியிருந்தால் கதையே வேறு. அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். நிறமும் மாறிச் சிவப்பாக நிற்கும்.

அவுரி நீலத்துக்கு இப்படித் தூது போக ஆள் தேவையில்லை. ஆனால் நீலம் தண்ணீரில் கரையாது. கரையாதது நூலுக்குள் எப்படிப் புகும்? தொட்டியில் சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவிட்டால், நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நீலம் தன் நிறத்தை இழந்து கரையும். முக்கி எடுத்த நூல் மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும். கொடியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கண்ணெதிரே நீலமாக மாறும். மறுபடி கரையாத பொருளாகி இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிர் செய்து நீலக்கட்டி எடுக்கிறார்கள். ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். எந்த மந்திரவாதியும் பக்கத்தில் வர முடியாது.

கை எட்டும் தூரம்வரைதான் இடுப்புத் தறியில் அகலம் கிடைக்கும். அதனால் கரேன் சட்டைக்கு இரண்டு நீளத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து மடித்துத் தைக்கிறார்கள். கழுத்துக்கும் கைக்கும் தைக்காமல் இடம் விட்டுவிட்டால் சட்டை தயார். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கிய சாய நூலில்தான் நெய்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். நூல் நூற்று, வேர் இடித்து, சாயம் போட்டு ஒரு சட்டை முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. பழைய பருத்தித் துணியிலிருந்து ஒரு நூலை உருவி எடுங்கள். விரலிடையில் வைத்து ஒரு திசையில் திருகுங்கள். இறுகினால் எதிர்த்திசையில் திருகுங்கள். முறுக்குப் பிரிந்து, கடைசியில் கையில் வெறும் பஞ்சு மிஞ்சும். வலப்பக்கம் திருகியபோது பிரிந்ததா, இடப்பக்கமா? பத்துத் துணிகளில் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.