வீட்டில் நகைப் பட்டறை: வணிகக் குடும்பங்களின் கவனத்திற்கு

நம் ஓசூருக்கு 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. 1990களின் நடுவில் அதே நிறுவனம் தனிஷ்க் நகைத் தொழிலிலும் இறங்கியது. முதலில் 18 காரட் நகை போட்டுப் பார்த்தார்கள். நம் மக்கள் 22 காரட்தான் வேண்டும் என்றார்கள், நிறுவனம் மாறிக்கொண்டது. பெரிய முதலீடும் வாடிக்கையாளர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுதான்.

இன்று நம் உறுப்பினர் வீடுகளில் மகளும் மருமகளும் நகை செய்யும் தொழில் தொடங்க விரும்புகிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் எதில் தொடங்குவது?

மணி, கம்பி கோத்துச் செய்யும் ஃபேன்சி நகையில் தொடங்குவதே நல்லது. இரண்டு மூன்று குறடு, கம்பி, மணி, கொக்கி, வெளிச்சமான ஒரு மேஜை போதும். தோடு, கம்மலுக்கு நிக்கல் கலந்த கொக்கி வாங்காதீர்கள். சிலருக்குக் காது புண்ணாகும், வாடிக்கையாளர் போய்விடுவார்.

தங்கம், வெள்ளி வேலை வேறு. அது நெருப்பும் திராவகமும் சேர்ந்த தொழில். நம்மில் பலருக்கு முன்னே கடை, பின்னே வீடு, நடுவே குடோன். சாக்குகளுக்குப் பக்கத்தில் பற்றவைக்கும் சுடர் கூடவே கூடாது. கேடிஎம் எனப்படும் காட்மியம் பற்றின் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அரிசி, மாவு இருக்கும் இடத்தில் திராவகம் வைப்பது விஷத்தோடு விளையாடுவதாகும். எண்ணெய் பாட்டிலில் திராவகம் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். தனி அறை, தனி வாசல், காற்றோட்டம் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். வீட்டுச் சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதும் சட்டப்படி தவறு.

அடுத்தவர் தங்கத்தை வாங்கும்போது எடை, தரம், சேதாரம் மூன்றையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். 22 காரட் என்றால் 916. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் 6 இலக்க எச்யூஐடி எண் இருக்க வேண்டும். ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சம் வரை உள்ளவர்களுக்கு ஹால்மார்க்கில் விலக்கு உண்டு. ஆனாலும் வாங்குபவர் முத்திரையைத்தான் நம்புவார்.

எல்லைப்புற வணிகர்களுக்கு இன்னொன்று. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். தங்க, வெள்ளி நகையை அங்கே விற்றால், விற்றுவரவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. கையால் செய்த ஃபேன்சி நகைக்குச் சலுகை உண்டு. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கடையின் முதலைத் தொழிலில் போடாமல், தனிக் கணக்கு எழுதி, சிறிதாகத் தொடங்குவோம். மளிகையின் நற்பெயர் கெடாமல் வளரும் தொழிலே நமக்கு லாபம்.